ஏற்காடு ரோட்டு வளைவுக்குப் பின்னால் என்ன இருந்தது?

கேள்வி கேட்ட தம்பி சமீபத்தில் ஏற்காடு போய்வந்திருக்கிறார். சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு போகும் வழியில் சாலையோரம் ஒரு பழைய வளைவைப் பார்த்தாராம். அதில் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்று பெயர். உள்ளே எட்டிப் பார்த்தால் தியேட்டரைக் காணோம், வெறும் வீடுகள். அவருடைய தாத்தாவோ, “மாடர்ன் தியேட்டர்ஸில்தான் அலிபாபா பார்த்தேன்” என்று அடிக்கடி சொல்வாராம். “அவ்வளவு பெரிய தியேட்டரை ஏன் இடித்தார்கள்? அதன் நினைவாக நிற்பது அந்த வளைவுதான் என்றால், ஒரு பலகைகூட இல்லாமல் ஏன் இப்படிக் கிடக்கிறது?” இதுதான் கேள்வி.

முதலில் தாத்தாவின் கணக்கைத் தீர்த்துவிடலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் படம் காட்டிய கொட்டகை கிடையாது, படம் எடுத்த ஸ்டுடியோ. 1930களில் சினிமா கம்பெனிகள் ‘தியேட்டர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொள்வது சகஜம். 1931இல் தொடங்கிய கல்கத்தா நியூ தியேட்டர்ஸும் ஸ்டுடியோதான். சேலத்துப் பெயர் அந்த வரிசையில் வந்தது. ஆகவே தாத்தா அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்து படம் பார்த்திருக்க முடியாது. ஆனால் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். வேறு கொட்டகையில் பார்த்துவிட்டு “மாடர்ன் தியேட்டர்ஸ் படம் பார்த்தேன்” என்று சொன்னது, வருஷக் கணக்கில் சுருங்கி இப்படி ஆகியிருக்கலாம். இன்னொரு வாய்ப்பும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. நான் பள்ளிக்கூடம் போன நாளில் டவுன் பஸ் கண்டக்டர், “மாடர்ன் தியேட்டரெல்லாம் இறங்கு” என்று கூவுவார். இறங்குகிறவர்களில் பாதிப்பேருக்கு அது என்ன இடமென்று தெரியாது. எனக்கும்தான் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு தச்சர் பெரியவர் இருந்தார். அந்தக் கம்பெனியில் செட் போடும் பிரிவில் வேலை பார்த்தவர். “அரண்மனை கட்டுவோம்பா, பதினஞ்சு நாள்ல பிரிச்சு அதே பலகையில ஜெயில் கட்டுவோம்” என்பார். ஸ்டுடியோ என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அந்த இடத்தை உண்டாக்கியவர் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர், 1907இல் பிறந்தவர், நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அப்போதுதான் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியிருந்தது. ‘காளிதாஸ்’ வந்தது 1931இல். படம் தமிழில் பேசினாலும் எடுப்பதற்கு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோதான் போகவேண்டும். நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோரையும் ரயிலேற்றிக் கூட்டிப்போய், மாதக்கணக்கில் தங்கவைத்து, வாடகை ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். சென்னையிலேயே பேசும் படத்துக்கான ஸ்டுடியோ 1934இல்தான் வந்தது. சுந்தரமும் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியில் பங்குதாரராக இருந்து இந்தக் கல்கத்தா அலைச்சலை நேரில் பட்டவர். பணம் எங்கே வீணாகிறது என்பதை ஒரு நூல் வியாபாரியின் கண்ணோடு பார்த்திருப்பார். தறி ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம் என்று இருந்தால் அடக்க விலை ஏறத்தானே செய்யும்?

1935இல் சேலத்தில், சேர்வராயன் மலை கண்ணுக்கு எதிரே தெரியும் அந்த இடத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கியது. 1937இல் முதல் படம், ‘சதி அகல்யா’. இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி அதில் அகலிகை. படத்துக்காக அவர் நீச்சலுடையில் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் அந்நாளில் பெரிய பேச்சாகிவிட்டன. சுந்தரத்துக்குப் புராணமும் வேண்டும், பேச்சும் வேண்டும்.

சுந்தரம் உண்டாக்கியதிலேயே பெரியது அந்தக் கம்பெனி நடந்த முறை என்பேன். படங்கள் அதற்குப் பிறகுதான். ஒரே வளாகத்துக்குள் படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங், தச்சுப் பட்டறை, துணிமணி, கதை இலாகா எல்லாம் இருந்தன. நடிகர்களும் எழுத்தாளர்களும் பாடலாசிரியர்களும் மாதச் சம்பளக்காரர்கள். கதை, வசனம் முழுதாக எழுதி முடியாமல் படப்பிடிப்பு தொடங்காது. சொன்ன நேரத்துக்கு வரவேண்டும், சொன்ன நாளில் முடிக்கவேண்டும். ‘முதலாளி’ என்றால் சேலத்தில் அவர் ஒருவர்தான். அவருடைய கண்டிப்பைப் பற்றி எத்தனையோ கதைகள் உலவுகின்றன. அலிபாபாவின் கடைசிக் காட்சிகளுக்கு எம்.ஜி.ஆர். நேரத்துக்கு வரவில்லை என்று, அவரைப்போல ஒருவரை வைத்து எடுத்துப் படத்தை முடித்துவிட்டார் என்று பழையவர்கள் சொல்வார்கள். அந்தக் கதை எத்தனை தூரம் உண்மையோ, சுந்தரத்தைப் பற்றி அப்படி ஒரு கதை ஊருக்குள் எளிதாக நின்றதே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஒரு சேலத்துக்காரன் இதைச் சொன்னால் பெருமை அடிப்பதாகத் தோன்றும், பரவாயில்லை: மலையாளத்தின் முதல் பேசும் படம் இங்கே பிறந்தது. 1938இல் வந்த ‘பாலன்’. எஸ்.நொட்டானி இயக்கம், மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் போடோ குட்ஷ்வாக்கர் என்ற ஜெர்மானியர். யோசித்துப் பாருங்கள். மலையாளப் படம், தமிழ் முதலாளி, வடக்கத்தி இயக்குநர், ஜெர்மன் கேமராமேன், இடம் ஏற்காட்டு அடிவாரம். பின்னால் 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் இதே கம்பெனியின் கைவேலைதான், சுந்தரமே இயக்கினார். கேரளத்தில் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் சேலத்தைச் சொல்லாமல் முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியாது. நம்மூரில் அந்த வளைவைத் தாண்டித்தான் தினமும் போகிறோம்.

1940இல் ‘உத்தமபுத்திரன்’. பி.யு.சின்னப்பா இரட்டை வேடம், தமிழில் அதுதான் முதல். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில் இரட்டை வேடம் என்றால், கேமராவின் கண்ணில் ஒரு பாதியை மறைத்துக்கொண்டு இந்தப் பக்கத்து ஆளை எடுப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னால் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, எடுத்த பாதியை மூடி, அந்தப் பக்கத்து ஆளை எடுப்பார்கள். நடுவில் கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அத்தனையும் பாழ். நடிகர் எந்த இடத்தில் நின்றார், எப்போது பார்த்தார் என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டு மறுபடி செய்யவேண்டும். இதைச் சம்பளத்துக்கு வேலை பார்த்த, பெயர் தெரியாத உதவியாளர்கள் பத்துப்பேர் சேர்ந்துதான் சாதித்திருப்பார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. பிலிம் தட்டுப்பாடு, படத்தின் நீளத்துக்குக் கட்டுப்பாடு. போர்ப் பிரசாரப் படம் எடுக்கும்படி அரசாங்கத்தின் நெருக்கடி வேறு. 1945இல் ‘பர்மா ராணி’ வந்தது, ஜப்பானியரை எதிர்க்கும் கதை. அதில் ஜப்பானிய அதிகாரியாக நடித்தவர் முதலாளி சுந்தரம்தான். ஸ்டுடியோவில் எல்லோரையும் மிரட்டுகிறவரே வில்லன் என்றால், மற்ற நடிகர்களுக்குப் பயப்படுகிற நடிப்புத் தானாக வந்திருக்கும்.

உங்கள் தாத்தா காலத்து நினைவெல்லாம் 1950க்குப் பிறகு. அந்த வருஷம் ‘மந்திரிகுமாரி’. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையிலிருந்து கரு எடுத்து வசனம் எழுதியவர் மு.கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிக்கொண்டிருந்து, தாய்நாடு திரும்பியதால் மீதியை சுந்தரம் முடித்தார். ஜி.ராமநாதனின் இசையில், மலை உச்சிக்கு மனைவியை வில்லன் அழைத்துப்போகும் அந்தப் பாட்டு இன்றைக்கும் வானொலியில் வந்தால் கை வேலை நின்றுபோகும். அந்த வில்லனுக்கு அவ்வளவு இனிமையான பாட்டைக் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

‘மந்திரிகுமாரி’யின் வசனகர்த்தாவும் கதாநாயகனும் பின்னாளில் முதலமைச்சர்கள். 1947இல் ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’யில் நடித்த வி.என்.ஜானகியும் முதலமைச்சர் ஆனார். ஒரே ஸ்டுடியோ வாசல் வழியாக உள்ளே போனவர்களில் மூன்றுபேர் கோட்டைக்குப் போயிருக்கிறார்கள். அந்த வாசல்தான் நீங்கள் பார்த்த வளைவு. பாரதிதாசன் ‘வளையாபதி’க்கு வசனம் எழுதியது இந்தக் கம்பெனிக்காக. கண்ணதாசன் இங்கே வேலை பார்த்தார். கம்பெனி நடத்திய ‘சண்டமாருதம்’ பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். மருதகாசி, கா.மு.ஷெரீப் இருவரும் இங்கே பாட்டெழுதியவர்கள். சினிமாக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குப் புலவர்கள் இருந்தார்கள் என்பதை இன்றைய பாடலாசிரியர்களிடம் சொன்னால் ஏக்கப் பெருமூச்சு விடுவார்கள்.

1952இல் இன்னொரு கூத்து. ஹாலிவுட்காரர்களோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்று ஓர் ஆங்கிலப் படம். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்று அமெரிக்க நடிகர்கள். தமிழில் ‘காடு’. படம் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்நாளில் ஒரு சேலத்து ஆள் ஹாலிவுட்டோடு கூட்டுச் சேர்ந்து படம் எடுத்ததை எப்படி விட்டுவிட முடியும்?

1956 பொங்கலுக்கு ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. எம்.ஜி.ஆர்., பானுமதி, பி.எஸ்.வீரப்பா, சாரங்கபாணி. கேவாகலர் என்ற வண்ண பிலிமில் எடுத்தது. அதற்கு முன் சில படங்களில் அங்கங்கே ஒரு காட்சி, ஒரு பாட்டு வண்ணத்தில் வந்ததுண்டு. தொடக்கம் முதல் கடைசிவரை வண்ணமாகத் தமிழில் வந்த முதல் படம் இதுதான். கறுப்பு வெள்ளைக்குப் பழகின தொழிலாளர்கள் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளையில் சாம்பல் நிறமாகப் பதிவானால் போதும் என்று எந்தத் துணியையும் மாட்டிவிடலாம். வண்ணப்படத்தில் ஒவ்வொரு துணியின் சாயமும் கணக்கு. அந்நாளைய வண்ண பிலிமுக்கு விளக்கும் மிக அதிகமாக வேண்டும். தளத்துக்குள் நின்றாலே வேர்த்து ஊற்றும், பூச்சு கரையும். எங்கள் தெருப் பெரியவர் இதைச் சொல்லும்போது, “பொம்மை குகைதான், ஆனா உள்ள அடுப்பு மாதிரி இருக்கும்” என்பார். தாத்தா பார்த்தது இந்தக் குகையைத்தான்.

பிறகு வந்தவற்றை ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். ‘வண்ணக்கிளி’ 1959, ‘குமுதம்’ 1961. 1963இல் ‘கொஞ்சும் குமரி’, மனோரமாவைக் கதாநாயகியாக வைத்து. காமெடிக்கு மட்டும் என்று ஓரங்கட்டி வைத்திருந்தவரைக் கதாநாயகியாக்கிப் பார்க்க இந்தக் கம்பெனிக்குத் துணிச்சல் இருந்தது. அதே 1963 ஆகஸ்டில் டி.ஆர்.சுந்தரம் இறந்தார். வயது 56தான்.

மகன் ராமசுந்தரம் கம்பெனியை ஏற்று நடத்தினார். ஜெய்சங்கரை வைத்து ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’, ‘கருந்தேள் கண்ணாயிரம்’ என்று துப்பறியும் படங்களாகவே வந்தன. ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ பட்டம் ஒட்டிக்கொண்டதில் சேலத்துக்கும் பங்குண்டு. ஆனால் காற்று மாறிவிட்டிருந்தது.

“ஏன் இடித்தார்கள்” என்ற கேள்விக்கு நிஜமான விடை இங்கேதான் இருக்கிறது. இடித்தது கடைசியில்தான். காலி ஆனது அதற்கு ரொம்ப முன்னால். மாதச் சம்பள முறை தமிழ் சினிமாவில் செத்துப்போய், நட்சத்திரங்களின் கால்ஷீட் ராஜ்ஜியம் வந்தது. ஒரே நாளில் காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம், ராத்திரி ஒரு படம் என்று கோடம்பாக்கத்தில் ஓடுகிற நடிகர், சேலத்தில் வந்து ஒரு மாதம் தங்குவாரா? நடிகர் வராத ஊருக்கு டெக்னீஷியன் வரமாட்டார். அடுத்து 1970களின் கடைசியில் படப்பிடிப்பு தளத்தைவிட்டு வெளியே வந்தது. கிராமத்துக்கே போய், நிஜமான வீட்டில், நிஜமான வெயிலில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தச்சர் கட்டும் அரண்மனைக்கும் ஜெயிலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. சென்னையில் இருந்த பெரிய ஸ்டுடியோக்களே இதே அடியில் சாய்ந்தன. சேலம் எப்படித் தாங்கும்? இன்னொரு பக்கம் ஊர் வளர்ந்து ஏற்காடு ரோடுவரை வந்துவிட்டது. வருமானம் தராத பல ஏக்கர் நிலம், அதைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும் மனை விலை. 1980களில் கம்பெனி ஓய்ந்தது. தளங்கள் போய், மனைகளாகி, வீடுகளாகிவிட்டன. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டுடியோவை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

மிஞ்சியது வளைவு. இதில்தான் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியோடு நான் கொஞ்சம் முரண்படுகிறேன். அதை ‘நினைவுச் சின்னம்’ என்கிறீர்கள். அதை யாரும் நினைவுச் சின்னமாகக் கட்டவில்லை. அது வாசல். ஊழியர்கள் வேலைக்கு வந்து போன கேட். சாலையோரம் இருந்ததால், மனை பிரித்தபோது யார் வீட்டுக்கும் தடையாக இல்லாததால், பிழைத்துக்கொண்டது. நாம் பார்த்துப் பார்த்து எதையும் காப்பாற்றவில்லை. தற்செயலாக நின்றதைப் பிறகு நினைவுச் சின்னம் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம். பராமரிப்பு இல்லாததற்கு வேரும் அதுதான். நினைவாக வைக்கவேண்டும் என்று யாராவது முடிவெடுத்திருந்தால், அதற்கென்று ஒரு பொறுப்பாளி, ஒரு பணம், ஒரு பலகை இருந்திருக்கும். முடிவே எடுக்காத விஷயத்துக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்?

2023 ஜூனில் சேலம் வந்த முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அந்த வளைவின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். அப்பா வேலை பார்த்த இடமாயிற்றே. ஊரே ஒரு நாள் அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தது. அந்த வருஷக் கடைசியில் வேறு வகையில் பேச்சு வந்தது. வளைவு நிற்கும் இடம் நெடுஞ்சாலைத் துறையுடையதா, தனியாருடையதா என்று தகராறு. அளவெடுப்பு, கல் நடுதல், அங்கே சிலை வைக்கப் போகிறார்கள் என்று ஒரு பக்கம், இல்லை என்று ஒரு பக்கம், கட்சிகளின் அறிக்கைகள். பத்திரத்தில் யார் பெயர் என்பதை ஆவணங்கள்தான் சொல்லவேண்டும், நான் அதில் தலையிடப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ‘பாசவலை’ என்று 1956இல் இதே கம்பெனி ஒரு படம் எடுத்தது. அதில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு ஒன்று, உலகத்தில் யாருக்கு எது சொந்தம் என்று கேட்கும். அறுபத்தேழு வருஷம் கழித்து அந்தக் கேள்வி அதே ஸ்டுடியோவின் வாசலுக்கே திரும்பி வந்து நின்றது. சண்டை போட்டவர்கள் யாருக்கும் அந்தப் பாட்டு நினைவுக்கு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதே நேரம், வளைவுக்குப் பெயிண்ட் அடித்து, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, விளக்கு வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. சின்னத்தை இதைவிட நன்றாகக் காப்பாற்றின இடங்களிலேயே கதை முழுதாக இல்லை. சென்னை அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் நிற்கிறது. 1913இல் தொடங்கியது. தபால் இலாகா வாங்கிக்கொண்டதால் தப்பியது, இப்போது அது அஞ்சல்தலை விற்கும் இடம். அங்கே ஸ்டாம்ப் வாங்கும் எத்தனைபேருக்கு ஒரு காலத்தில் அங்கே ஊமைப்படம் ஓடியது தெரியும்? இன்னொரு பக்கம் ஜெமினி ஸ்டுடியோவைப் பாருங்கள். ஒரு செங்கல் கிடையாது. அரசாங்கம் மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும் சனங்கள் ஜெமினி மேம்பாலம் என்றுதான் சொல்கிறார்கள். மதுரை தங்கம் தியேட்டரும் அப்படித்தான். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த, இரண்டாயிரத்து ஐந்நூறுபேருக்கு மேல் உட்காரும் கொட்டகை. இடித்து ஜவுளிக்கடை வந்துவிட்டது. மதுரைக்காரர்கள் வழி சொல்லும்போது தங்கம் தியேட்டர் இன்னும் அங்கேயே இருக்கிறது. கல்லைவிடப் பேருக்கு ஆயுசு கெட்டி.

மாடர்ன் தியேட்டர்ஸுக்குப் பெயரும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. இல்லாமல் போனது நடுவில் இருக்கவேண்டிய பொருள். 1950களின் தொடக்கம்வரை படங்களை நைட்ரேட் பிலிமில்தான் எடுத்தார்கள். அது வெடிமருந்துக்குச் சொந்தக்காரப் பொருள். சூட்டில் பற்றிக்கொள்ளும், பற்றினால் தண்ணீரிலும் அணையாது. பற்றாவிட்டாலும் நம்மூர் வெயிலிலும் ஈரத்திலும் சும்மா இருந்தபடியே இளகிப் பசையாகி, பிறகு பொடியாகிவிடும். ஓடி முடிந்த பிரிண்டை உருக்கி அதிலிருக்கும் வெள்ளியை எடுத்து விற்பது அந்நாளில் ஒரு தொழில். ‘பாலன்’ இன்று இல்லை. ஒரு பிரிண்டும் இல்லை. சில புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமும்தான் மிச்சம். ஒரு மொழியின் முதல் பேசும் படம் அது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல், சுந்தரம் இறந்த அடுத்த வருஷம். இருபத்தைந்து வருஷத்து பிலிம் பெட்டிகள் அதற்குள் எங்கெங்கே எப்படிப் போயினவோ. இந்த இழப்புக்கு முன்னால் வளைவில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்களே என்ற கோபம் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. சுவரொட்டியைக் கிழித்துவிடலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய மணிமண்டபம் கேட்கமாட்டேன். மணிமண்டபம் கட்டினால் யார் பெயரில் என்பதில் பத்து வருஷம் போய்விடும். வளைவுக்குப் பக்கத்தில், நடந்து போகிறவர் நின்று படிக்கிற உயரத்தில் ஒரு கல்வெட்டு போதும். இது ஸ்டுடியோ, 1935, இன்னின்ன படங்கள். பழைய வளாகத்தின் வரைபடம் ஒன்று, எந்தத் தளம் எங்கே இருந்தது என்று. இப்போது வீடு இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பாக்தாத் இருந்தது என்று தெரிந்தால் அந்த வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்தானே? அதைவிட அவசரமானது, ஊரில் இன்னும் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று தேடுவது. கம்பெனி சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, செட்டில் எடுத்த போட்டோ, பாட்டுப் புத்தகம். பாட்டுப் புத்தகம் என்றால் கொட்டகை வாசலில் காசுக்கு விற்ற மெல்லிய சாணிக்காகிதப் புத்தகம். கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், பாட்டுகள் எல்லாம் இருக்கும். படமே அழிந்துபோன இடத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தச் சாணிக்காகிதம்தான் சாட்சி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். வீட்டில் கிடைப்பதை எடைக்குப் போடாமல் அங்கே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தெருத் தச்சர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. அவர் எந்தெந்தப் படத்துக்கு எந்தெந்த அரண்மனை கட்டினார் என்று நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. டைட்டிலில் அவர் பெயர் வந்ததும் இல்லை. அவர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அலிபாபா படப்பிடிப்பின்போது அக்கம்பக்கத்து ஊர்ப் பையன்கள் காம்பவுண்டைச் சுற்றியே திரிவார்களாம். மரத்தில் ஏறிப் பார்ப்பார்களாம், காவலாளி விரட்டினால் மறுபக்கம் ஓடி ஏறுவார்களாம். இதைத்தான் இன்னொரு வாய்ப்பு என்று மேலே சொன்னேன். உங்கள் தாத்தாவுக்கு அப்போது என்ன வயது, எந்த ஊரில் இருந்தார் என்று கேளுங்கள். “மாடர்ன் தியேட்டர்ஸில் அலிபாபா பார்த்தேன்” என்று அவர் சொல்வது அட்சரம் பிசகாத உண்மையாகவே இருக்கலாம். மரத்தின் மேலிருந்து என்ன தெரிந்தது, எந்தப் பக்கத்துச் சுவர், உள்ளே என்ன கட்டியிருந்தார்கள் என்று கேட்டு, போனிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.